அப்பா குளிக்கும்போது ட்ரிப் சுவிச் விழுகிறது: ஹீற்றர் ஷவரில் என்ன பிழை?

மகள்_கொக்குவில் | மார்கழி 9, இரவு 8.15

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் உள்ள ஹீற்றர் ஷவர் பற்றி ஒரு உதவி வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 76 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. மழை தொடங்கிவிட்டால் கிணற்றுத் தண்ணீரில் குளிக்க முடியாது, நெஞ்சில் சளி கட்டிவிடும். அதனால் 4 வருடத்துக்கு முன் 3.5 கிலோவாற் ஹீற்றர் ஷவர் ஒன்று பூட்டினோம். கிணற்றுத் தண்ணீர் மோட்டரில் ஏறி மேலே உள்ள 1000 லீற்றர் கறுப்புத் தாங்கிக்குப் போகும், அங்கிருந்து பாத்ரூமுக்கு வரும். வீடு அப்பப்பா கட்டியது. 90இல் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றதற்கு முந்திய வயரிங் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது. பாத்ரூமும் குசினியின் பின்பக்கமும் பிறகு சேர்த்துக் கட்டியவை.

பிழை தொடங்கி ஒரு மாதம் இருக்கும். முதலில் சூடு காணாமல் போனது. குமிழை உச்சத்தில் வைத்தாலும் இளஞ்சூடுதான், இரவு 7 மணிக்குப் பிறகு அதுவும் இல்லை. பிறகு சூடும் குளிருமாக மாறி மாறி வந்தது. இரண்டு நிமிடம் நல்ல சூடு, திடீரென்று பச்சைத்தண்ணீர், திரும்பவும் சூடு. இந்தக் கிழமைதான் ட்ரிப் சுவிச் விழத் தொடங்கியது. போட்டவுடன் விழாது, நாலைந்து நிமிடம் ஓடியபிறகு விழும். முழு வீடும் இருட்டாகிவிடும். முந்தநாள் அப்பா தலை நிறையச் சோப்புடன் இருட்டில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

அயலில் வயரிங் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ட்ரிப் சுவிச் பழசு, அதுதான் சும்மா சும்மா விழுகுது. ஷவர் லைனை ட்ரிப்புக்கு முன்னாலேயே எடுத்து நேரே குடுத்துவிட்டால் சரி" என்றார். நாளைக்கு வந்து செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். செய்யலாமா? ட்ரிப் சுவிச்சில் உள்ள ரெஸ்ற் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், உடனே விழுகிறது. அப்படியென்றால் அது வேலை செய்கிறதுதானே?

இன்னொன்று. இரண்டு கிழமைக்கு முன் அப்பா, பைப்பைப் பிடித்தால் கை விறுவிறுக்கிறது என்றார். அவருக்கு ஏற்கெனவே கையிலும் காலிலும் விறைப்பு இருக்கிறது. நரம்புதான் என்று நினைத்து நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.


பழைய_வயர்மன்_மானிப்பாய் | மார்கழி 9, இரவு 8.32

பிள்ளை, நாளைக்கு வர வேண்டாம் என்று அவருக்கு இப்பவே சொல்லிவிடுங்கள். அப்பாவை அந்த ஷவரில் இனிக் குளிக்க விடாதீர்கள். மற்றதைப் பிறகு கதைப்போம்.

நீங்கள் கடைசியில் எழுதிய விசயம்தான் இதில் எல்லாவற்றிலும் பெரியது. நரம்பு விறைப்பு என்றால் பைப்பை விட்டபிறகும் இருக்கும். பைப்பைத் தொடும்போது மட்டும் வந்தால் அது கரண்ட். ஒரு மில்லி அம்பியர் ஓடினாலே கைக்குத் தெரியும்.

ட்ரிப் சுவிச் என்ன செய்கிறது என்றால், ஃபேஸில் போகும் கரண்டையும் நியூற்றலில் திரும்பி வரும் கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனது முழுக்கத் திரும்பி வரவில்லை என்றால் மிச்சம் வேறு எங்கோ போகிறது. தண்ணீருக்குள், சுவருக்குள், ஆளுக்குள். வீட்டுக்குப் பூட்டுவது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் சுவிச். வித்தியாசம் அந்த அளவை நெருங்கினால் விழுந்துவிடும். உங்கள் ஹீற்றர் முதலில் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது, அப்பாவின் கைக்குத் தெரிந்தது. இப்போது கூடுதலாகக் கசிகிறது, ட்ரிப் சுவிச்சுக்கும் தெரிந்துவிட்டது. பழுதானது சுவிச் இல்லை. அதைத் தாண்டி லைனைக் கொடுத்தால் இருட்டு வராது, ஆனால் அதே கசிவு ஈர உடம்போடு நிற்கும் மனிசனுக்குள்ளால் போகும்.

ரெஸ்ற் பொத்தான் விழுவது நல்லது. ஆனால் அது சுவிச்சின் உள் வேலையை மட்டும்தான் சோதிக்கிறது. ஏர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர்) இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தானை அழுத்தினால் சுவிச் விழும். ஆகவே ஏர்த் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

எனக்கு நாலு விசயம் வேண்டும். ஷவருக்கான சுவிச் எங்கே இருக்கிறது, எத்தனை அம்பியர்? போர்ட்டில் எந்த எம்.சி.பி.யில் (ஒவ்வொரு லைனையும் தனியாக வெட்டும் சின்னச் சுவிச்) இருந்து வருகிறது, அதில் வேறு என்ன ஓடுகிறது? ஏர்த் றொட் எங்கே அடித்திருக்கிறது? பாத்ரூமுக்குள் வரும் பைப் பி.வி.சி.யா, பழைய இரும்புப் பைப்பா? எதையும் கழற்ற வேண்டாம், கண்ணால் பார்த்துச் சொன்னால் போதும்.


திருநெல்வேலி_ஹாட்வெயார் | மார்கழி 9, இரவு 9.05

வயர்மன் ஐயா சொன்னதுதான் முதல். சூடும் குளிருமாக வருவதைப் பற்றி நான் சொல்கிறேன், கடையில் மாதத்துக்கு நாலைந்து பேர் இதே கதையோடு வருவார்கள்.

எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலுக்குள் பார்த்தால் வெள்ளைப் படை ஒன்று இருக்கும், அதேதான் ஹீற்றருக்குள்ளும் படிகிறது. ஹீற்றரின் வாசலில் தண்ணீர் வரும் இடத்தில் சின்ன வலை ஒன்று உண்டு. மணலும் சுண்ணாம்புத் தூளும் சேர்ந்து அதை அடைக்கும். ஷவர் தலையின் துளைகளும் அடைபடும். தண்ணீர் மெல்ல வரத் தொடங்கும்.

3.5 கிலோவாற் ஹீற்றர் நிமிடத்துக்கு 4 லீற்றர் போகும்போது தண்ணீரை ஏறக்குறைய 12 பாகை சூடாக்கும். மழைக்காலத்தில் தாங்கித் தண்ணீர் 26 பாகை என்றால் வெளியே 38 வரும், குளிக்க அளவான சூடு. அதே தண்ணீர் அடைபட்டு 2 லீற்றராகக் குறைந்தால் 25 பாகை ஏறும், 50ஐத் தாண்டிவிடும். உடனே உள்ளே இருக்கும் சூட்டுக் காப்பு கரண்டை வெட்டும். பச்சைத்தண்ணீர் வரும். ஆறியதும் திரும்பப் போடும், சூடு வரும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

இதில் பலர் பிழையாக விளங்கும் ஒரு விசயம். சுண்ணாம்பு படிந்தால் எலிமென்ற் (உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) பலவீனமாகிச் சூடு குறையும் என்பார்கள். அப்படி இல்லை, அது இழுக்கும் கரண்ட் அதேதான். ஆனால் சூடு தண்ணீருக்கு வர அந்தப் படை தடையாக இருப்பதால், எலிமென்ற் தனக்குள் அளவுக்கு மீறிக் கொதிக்கும். அப்படிக் கொதித்துக் கொதித்துத்தான் அதன் வெளிக்குழாய் மயிர்போல வெடிக்கும். அந்த வெடிப்பால் ஈரம் உள்ளே போகும், கசிவு தொடங்கும். சூடேறச் சூடேற வெடிப்பு விரியும். நாலைந்து நிமிடத்துக்குப் பிறகு ட்ரிப் விழுவது எனக்கு அதைத்தான் சொல்கிறது.

முதலில் சூடே காணாமல் போனது வேறு காரணம். இரவு 7 மணிக்கு எல்லா வீட்டிலும் லைட்டும் மோட்டரும் ஓடும்போது வோல்ற்றேஜ் இறங்கும். 230க்குப் பதில் 200 வந்தால் 3500 வாற் ஹீற்றர் 2650 வாற் அளவுதான் தரும். அதோடு எங்காவது இளகிய மூட்டு இருந்தால் இன்னும் குறையும். அந்த மூட்டைக் கட்டாயம் தேட வேண்டும், ஏனென்றால் அங்கே குறைகிற சூடு சுவருக்குள் இருக்கும் வயரில் ஏறுகிறது.


மகள்_கொக்குவில் | மார்கழி 9, இரவு 9.50

அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

ஐயா கேட்டவை: சுவிச் பாத்ரூமுக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில். 15 அம்பியர் என்று எழுதியிருக்கிறது. அதன் மூடி ஒரு பக்கம் மண்ணிறமாக மாறியிருக்கிறது, நான் அதை ஊத்தை என்று நினைத்துத் துடைத்திருக்கிறேன். தனி எம்.சி.பி. இல்லை. குசினி பிளக்குகள், குளிர்சாதனப் பெட்டி, கேத்தல் எல்லாம் அதே லைனில்தான். ஏர்த் றொட் முன் சுவரடியில் இருக்கிறது. வயர் துருப்பிடித்த ஒரு கிளிப்பில் தொங்குகிறது. பாத்ரூம் சுவருக்குள் ஒரு துண்டு பழைய இரும்புப் பைப், மிச்சம் பி.வி.சி.

உங்களிடம் கேட்க முன்னமே பின்னேரம் நான் கரண்ட் பார்க்கும் ரெஸ்ரரைப் பைப்பில் வைத்துப் பார்த்தேன். மெல்லியதாக எரிந்தது. ஷவர் சுவிச்சை நிறுத்திவிட்டு வைத்தேன். அப்போதும் எரிந்தது. ரெஸ்ரர் பழுதோ என்று நினைத்து விட்டுவிட்டேன்.


பழைய_வயர்மன்_மானிப்பாய் | மார்கழி 9, இரவு 9.58

ரெஸ்ரர் பழுதில்லை.

எழும்பிப் போய் அந்தக் குசினி எம்.சி.பி.யை இப்பவே இறக்குங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு அறையில் இருந்து வயர் இழுத்துக்கொள்ளுங்கள், ஒரு இரவுதானே. இறக்கிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.


மகள்_கொக்குவில் | மார்கழி 9, இரவு 10.04

இறக்கிவிட்டேன் ஐயா. பாத்ரூம் கதவையும் பூட்டிவிட்டேன்.


பழைய_வயர்மன்_மானிப்பாய் | மார்கழி 9, இரவு 10.25

நல்லது. இப்போது ஏன் என்று சொல்கிறேன்.

சுவிச்சை நிறுத்தியபிறகும் பைப்பில் கரண்ட் இருந்தால், அந்தச் சுவிச் நியூற்றலை வெட்டுகிறது, ஃபேஸை வெட்டவில்லை. எங்கோ ஒரு பெட்டியில் ஃபேஸ் சிவப்பு வயரும் நியூற்றல் கறுப்பு வயரும் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது. ஹீற்றர் வேலை செய்ய இது தடையில்லை, சூடு வரும், யாருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் நிறுத்திவிட்டோம் என்று நினைக்கும் நேரத்திலும் எலிமென்ற் முழு 230 வோல்ற்றோடு நிற்கிறது. நாலு வருடமாக இரவும் பகலும் அப்படியே நின்றிருக்கிறது.

அடுத்தது ஏர்த். ஏர்த் ஒழுங்காக இருந்தால் கசியும் கரண்ட் பச்சை வயரால் மண்ணுக்குப் போயிருக்கும், அப்பாவின் கைக்கு வந்திராது, ட்ரிப்பும் முதல் நாளே விழுந்திருக்கும். பச்சை வயர் எங்கேயும் சேரவில்லை என்று சந்தேகப்படுகிறேன். 90க்கு முந்திய லைன்கள் பலவற்றில் இரண்டே இரண்டு வயர்தான் ஓடும். ஹீற்றரின் பச்சை வயரைக் கொடுக்க இடமில்லாமல் ரேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுவார்கள்.

பிறகு ஏன் இந்தக் கிழமை ட்ரிப் விழுந்தது என்று கேட்பீர்கள். அந்த இரும்புப் பைப்தான். மழையில் சுவர் ஊறியிருக்கிறது, ஊறிய சுவரும் இரும்புப் பைப்பும் சேர்ந்து ஒரு அரைகுறை ஏர்த்தாக நிற்கிறது. மாசி, பங்குனியில் சுவர் காய்ந்திருந்தால் ட்ரிப் விழுவது நின்றிருக்கும். திருந்திவிட்டது என்று எல்லோரும் சந்தோசப்பட்டிருப்பீர்கள். அதை நினைக்க எனக்கு இப்பவும் நெஞ்சு பதறுகிறது. 31 வருடம் இந்த வேலை செய்திருக்கிறேன், இந்த மாதிரி ஒரு பாத்ரூமில் இருந்து ஆளைத் தூக்கியும் இருக்கிறேன்.

என்.வி.க்யூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ள எலக்ரீசியன் ஒருவரைப் பிடியுங்கள். வரும்போது கசிவை அளக்கும் மெகர் கருவி கொண்டு வருவாரா என்று கேளுங்கள். மல்ரி மீற்றர் மட்டும் போதாது. அது சின்னப் பற்றரி வோல்ற்றில் அளக்கும், மயிர் வெடிப்பு அதற்குத் தெரியாது. மெகர் 500 வோல்ற் கொடுத்து அளக்கும்.


சங்கானை_தோட்டம் | மார்கழி 10, காலை 6.10

எங்கள் வீட்டிலும் இப்படி அடிக்கடி விழுந்தது. 30 மில்லி அம்பியரைக் கழற்றிவிட்டு 100 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் பூட்டினோம். இரண்டு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. இதையும் யோசித்துப் பாருங்கள்.


பழைய_வயர்மன்_மானிப்பாய் | மார்கழி 10, காலை 6.45

தம்பி, உங்கள் வீட்டை நினைத்து இதைச் சொல்கிறேன். 100 மில்லி அம்பியர் சுவிச் வயரிங்கில் தீப்பிடிக்காமல் காக்கப் போடுவது. ஆளைக் காக்க 30தான். உடம்புக்குள்ளால் 50, 60 மில்லி அம்பியர் சில விநாடி ஓடினால் நெஞ்சு துடிப்பு குழம்பிவிடும், அந்த நேரத்தில் உங்கள் சுவிச் அசையாமல் நிற்கும். இரண்டு வருடமாக உங்கள் வீட்டில் ஏதோ ஒன்று கசிந்துகொண்டிருக்கிறது. மோட்டரா, ஹீற்றரா, வெளிலைட்டா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கிணற்றடி மோட்டரில் இருந்து தொடங்குங்கள், மழை நனையும் இடம் அதுதான்.


ஹறோ_மாமா | மார்கழி 10, காலை 11.20

பிள்ளை, இவ்வளவு கரைச்சல் ஏன்? இங்கே லண்டனில் எங்கள் வீட்டில் 9.5 கிலோவாற் ஷவர் 15 வருடமாக ஓடுகிறது, ஒரு பிழையும் வந்ததில்லை. கொட்டுகிற பனியிலும் கொதிக்கக் கொதிக்க வரும். தைப்பொங்கலுக்கு வருகிறேன், ஒன்று கொண்டுவந்து தரட்டோ?


திருநெல்வேலி_ஹாட்வெயார் | மார்கழி 10, பகல் 12.40

மாமா, அன்புக்கு நன்றி, ஆனால் கொண்டுவராதீர்கள். லண்டனில் இருந்து வந்த ஷவர்கள் பெட்டி பிரிக்காமல் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன.

9.5 கிலோவாற் என்றால் 41 அம்பியர். உங்கள் ஊரில் அதற்கென்று 10 சதுர மில்லிமீற்றர் கேபிள் தனியாக இழுத்து, பெரிய மெயினில் இருந்து கொடுக்கிறார்கள். எங்கள் வீடுகளில் பெரும்பாலானவைக்குச் சிங்கிள் ஃபேஸ் 30 அம்பியர்தான். முழு வீட்டுக்கும் சேர்த்தே 6.9 கிலோவாற். அந்த ஷவரை மெயின் தாங்காது. தண்ணீர் அழுத்தமும் பார்க்க வேண்டும். தாங்கியின் அடி ஷவருக்கு 3 மீற்றர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார். அங்கத்தைய ஷவர்கள் பல மெயின் பைப் அழுத்தத்துக்குச் செய்தவை, இந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் அழுத்தச் சுவிச் வேலையே செய்யாது. அதோடு இங்கே தண்ணீர் ஏற்கெனவே 26, 27 பாகையில் இருக்கிறது. 10 பாகைத் தண்ணீரைச் சூடாக்கும் சாமான் எங்களுக்குத் தேவையில்லை.


ஹறோ_மாமா | மார்கழி 10, பகல் 1.15

30 அம்பியர் விசயம் எனக்குத் தெரியாது தம்பி. அம்மாவின் வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அதை இங்கேயே திருப்பிக் கொடுக்கிறேன். அப்பாவுக்கு நல்லதாக ஒன்று அங்கேயே வாங்குங்கள், காசு நான் அனுப்புகிறேன்.


தாதி_பருத்தித்துறை | மார்கழி 10, பின்னேரம் 4.30

கரண்ட் விசயத்தைத் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்பாவின் கால் பற்றித்தான் யோசனை.

சீனி வருத்தத்தால் விறைத்த கைக்கும் காலுக்கும் சூடு தெரியாது. ஷவர் சூடும் குளிருமாக மாறி வந்த நாட்களில் அவர் காலில் 50 பாகைத் தண்ணீர் விழுந்திருக்கலாம், அவருக்கு இளஞ்சூடாகத்தான் பட்டிருக்கும். இன்றைக்குப் பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் வடிவாகப் பாருங்கள், சிவப்போ கொப்புளமோ இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். இப்போது அடுப்பில் சுடவைத்துக் கலந்து ஊற்றுவீர்கள்தானே, வாளியில் முதலில் பச்சைத்தண்ணீரை விட்டு அதற்குள் சுடுதண்ணீரை விடுங்கள். உங்கள் முழங்கையை வைத்துப் பார்த்தபிறகே அவருக்குக் கொடுங்கள். அவருடைய கையால் பார்க்கச் சொல்ல வேண்டாம்.


மகள்_கொக்குவில் | மார்கழி 10, இரவு 7.10

அக்கா, பார்த்தேன். இடது பாதத்தின் மேல்பக்கம் ஒரு சதக் காசு அளவுக்குச் சிவந்திருக்கிறது. கொப்புளம் இல்லை. நாளை விடியக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். அவர் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்.


மகள்_கொக்குவில் | மார்கழி 14, இரவு 9.00

எலக்ரீசியன் நேற்றும் இன்றும் வந்து வேலையை முடித்துவிட்டார். கிளினிக்கில் களிம்பு தந்தார்கள், சிவப்பு ஆறுகிறது. நடந்ததை விபரமாக எழுதுகிறேன், இதேபோல் பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் அந்தச் சுவிச்சைக் கழற்றினார். பின்பக்கம் கருகி இறுகியிருந்தது. ஒரு வயரின் உறை உருகி, செம்புக் கம்பி கறுத்து, தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. கருகிய பிளாஸ்ரிக் மணம் அறை முழுக்க வந்தது. அந்த மணம் ஒரு மாதமாகக் கதவடியில் இருந்தது. குசினியில் ஏதோ பிடித்த மணம் என்று நினைத்திருந்தோம். அந்த லைன் 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு கொண்டது). ஷவர் மட்டும் 15 அம்பியர் இழுக்கும், கேத்தலும் சேர்ந்தால் 24க்குப் போகும். அம்மா காலையில் பிளேன்ரீக்குக் கேத்தலைப் போடும் நேரத்தில்தான் அப்பா குளிப்பார்.

சிவப்பும் கறுப்பும் மாறியது குசினிச் சேர்க்கையில் உள்ள ஒரு பெட்டிக்குள். ஐயா சொன்னபடியே. ஹீற்றரின் பச்சை வயரும் அவர் சொன்ன மாதிரியே இருந்தது. கறுப்பு ரேப் சுற்றி, மடித்து, சுவருக்குள் செருகியிருந்தார்கள். அதை வெளியே இழுத்துக் கையில் காட்டியபோது அப்பாவும் பக்கத்தில் நின்றார். "இதைத்தான் நான் சொன்னனான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஹீற்றரைக் கழற்றிக் கீழே வைத்து மெகர் போட்டார். ஆறியிருக்கும்போது 0.3 மெகா ஓம். குறைந்தது 1 மெகா ஓமாவது இருக்க வேண்டுமாம். சூடாக்கி உடனே அளந்தபோது ஊசி அடியில் கிடந்தது. எலிமென்ற்றை வெட்டி எடுத்துக் காட்டினார். சுண்ணாம்பு விரல் மொத்தத்துக்கு ஏறி, முருகைக் கல் மாதிரி இருந்தது. தட்டிக் கொட்டியபோது கீழே குழாயில் ஒரு நகக்கீறல் அளவு வெடிப்பு. வாசல் வலை முழுக்க அடைத்திருந்தது. திருத்த வேண்டாம், புதிதாக வாங்குவோம் என்று முடிவெடுத்தோம்.

இப்போது மெயின் போர்ட்டில் இருந்து ஷவருக்கென்று தனி லைன். 7/0.85 வயர், ஏர்த் வயரும் கூடவே. 20 அம்பியர் எம்.சி.பி. பாத்ரூமுக்கு வெளியே 20 அம்பியர் டபுள் போல் சுவிச். அது ஃபேஸையும் நியூற்றலையும் சேர்த்தே வெட்டும். அதை நிறுத்திவிட்டால் உள்ளே கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொன்னார். சுவருக்குள் இருந்த இரும்புப் பைப் துண்டையும் எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டோம். புதிய ஹீற்றரும் 3.5 கிலோவாற்தான்.

ஏர்த் றொட்தான் பெரிய வேலையாகப் போனது. முன் சுவரடியில் இருந்த பழைய றொட் இரண்டு அடிதான் மண்ணுக்குள் இருந்தது. அதற்குக் கீழே கல். அளந்தபோது 410 ஓம். புதிய நாலடி றொட்டை அடிக்க மூன்று இடத்தில் பார்த்தோம், மூன்றிலும் கல் தட்டியது. கடைசியில் கிணற்றடி வாழைப்பாத்தியில், குளிக்கும் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் அடித்தார். அங்கே மண் ஆழம், வருடம் முழுக்க ஈரம். முழு றொட்டும் இறங்கியது. 46 ஓம் வந்தது. ஐயா, இது போதுமா?


பழைய_வயர்மன்_மானிப்பாய் | மார்கழி 14, இரவு 9.40

வாழைப்பாத்தியில் அடித்தது நல்ல மூளை. அந்தப் பெடியனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் செம்மண் கொஞ்சம், கீழே முழுக்கக் கல். ஆடி, ஆவணியில் காய்ந்து கிடக்கும் இடத்தில் றொட் அடித்தால் பேருக்குத்தான் ஏர்த்.

46 ஓம் போதும், ஆனால் எதற்குப் போதும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முழு 230 வோல்ற்றும் ஏர்த்தில் பட்டால் அதில் ஓடுவது 5 அம்பியர். 20 அம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது. வயரும் ஃபியூஸும் மட்டும் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் இப்படித்தான் போனார்கள். அந்த 5 அம்பியரைப் பிடித்து உடனே வெட்டுவது ட்ரிப் சுவிச் ஒன்றுதான். உங்கள் வீட்டில் இப்போது ஏர்த்தும் இருக்கிறது, அதுவும் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ரெஸ்ற் பொத்தானை அழுத்துங்கள். மழை தொடங்க முன் ஐப்பசியில் ஏர்த் கிளிப்பைப் பார்த்துத் துருவைத் தேய்த்து இறுக்குங்கள்.


வேலணைத்_தீவான் | மார்கழி 15, காலை 9.30

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் சவர்த்தண்ணீர். ஹீற்றர் 14 மாதத்தில் எலிமென்ற் அரித்துப் போய்விட்டது. சுண்ணாம்பு அவ்வளவு இல்லை, குழாயில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. இன்னொன்று வாங்கினால் அதுவும் போகுமா?


திருநெல்வேலி_ஹாட்வெயார் | மார்கழி 15, காலை 10.15

போகும் அண்ணை. உப்பு செம்பை அரிக்கும், சூடான இடத்தில் இன்னும் வேகமாக. சவர்த்தண்ணீருக்கு உடனடி ஹீற்றர் வாங்க வேண்டாம் என்றுதான் நான் கடையில் சொல்வேன், விற்பனை போனாலும் பரவாயில்லை. கூரைத் தண்ணீரை ஒரு 500 லீற்றர் தாங்கியில் பிடித்து ஷவருக்கு மட்டும் அந்தத் தண்ணீரைக் கொடுத்தால் ஓடும். ஒரு ஆள் குளிக்க 40 லீற்றர் போதும். இல்லையென்றால் கிடாரத்தில் சுடவைப்பதுதான் நிம்மதி.

கொக்குவில் தங்கச்சிக்கும் ஒன்று. ஷவர் தலையை மாதம் ஒருமுறை கழற்றி வினாகிரியில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். தேசிக்காய்த் தண்ணீரும் சரி. ஹீற்றருக்குள் எதையும் ஊற்ற வேண்டாம். வாசல் வலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எம்.சி.பி.யை இறக்கிவிட்டுக் கழுவுங்கள். தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்றால் ஹீற்றருக்குள் போகும் பக்கத்து வால்வை மட்டும் திருகுங்கள். வெளியே வரும் பக்கத்தில் ஒருபோதும் வால்வு வைக்கக்கூடாது, உள்ளே அழுத்தம் ஏறி உடம்பு பிளந்துவிடும்.


சங்கானை_தோட்டம் | மார்கழி 21, இரவு 7.50

வயர்மன் ஐயா சொன்னபடி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். மோட்டர்தான். கிணற்றுக் கட்டில் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் போய், வயர் உறை வெடித்திருந்தது. என் மகன் தினமும் அந்தக் கட்டில் ஏறி நின்றுதான் குளிப்பான். வயரை மாற்றி, 30 மில்லி அம்பியர் சுவிச்சைத் திரும்பப் பூட்டிவிட்டேன். நான்கு நாளாக ஒருமுறையும் விழவில்லை.


மகள்_கொக்குவில் | தை 16, காலை 10.05

பொங்கல் வாழ்த்துகள். பொங்கலன்று விடிய 5 மணிக்கு அப்பா புது ஷவரில் தலை முழுகினார். நான் சுவிச்சைப் போட்டு, முழங்கையை வைத்துப் பார்த்து, 4 லீற்றருக்கு வால்வைச் சரி பார்த்துவிட்டு (வாளியும் கடிகாரமும் வைத்து அளந்தேன்) வெளியே நின்றேன். 8 நிமிடம் குளித்தார். சூடு மாறவில்லை, ட்ரிப் விழவில்லை. வெளியே வந்து, "கை இப்பவும் விறைப்புத்தான், ஆனால் பைப் சும்மா பைப்பாக இருக்குது" என்றார். ஹறோ மாமாவும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.


அச்சுவேலி_வீடு | தை 17, இரவு 8.20

இந்த இழையை முழுக்க வாசித்தேன். எங்கள் வீடும் 80களில் வயர் பண்ணியது. அம்மாவின் அறை ஹீற்றருக்குப் போகும் வயரைப் பார்த்தேன், பெட்டிக்குள் இரண்டு வயர்தான் தெரிகிறது, பச்சை இல்லை. எம்.சி.பி.யை இறக்கிவிட்டேன். நாளைக்கு எலக்ரீசியன் வருகிறார். வேறு என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?


மகள்_கொக்குவில் | தை 17, இரவு 8.31

சுவிச் ஃபேஸை வெட்டுகிறதா, நியூற்றலை வெட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவிச்சின் பின்பக்கத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், முன்பக்கத்தில் ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் கை விறுவிறுத்ததா என்று இன்றைக்கே கேளுங்கள்.